நடுவுலேருந்து ஒரு சாண் தள்ளி

கையெழுத்துதானே தம்பி, அதுக்கென்ன, வாங்கிக்கலாம். மொதல்ல உக்காருங்க. ஐயையோ, அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு காலு கட்டை. போன வாரம் ஆடிட் பண்ண வந்தவரைக் கீழ தள்ளிடுச்சு. இதுல உக்காருங்க. அந்த வாளியை மட்டும் காலால அப்படித் தள்ளிக்குங்க. ஹாலைப் பளபளன்னு வச்சிருப்போம், எங்க ரூமு மட்டும் இப்படித்தான்.

மறுபடி ஒரு தடவ சொல்லுங்க, சரியா வாங்கிக்கிட்டேனான்னு பாத்துக்கறேன். போன வருஷம் உங்க போட்டோக்காரரு வந்து நம்ம ஹாலைக் கறுப்பு வெள்ளையில படம் எடுத்துட்டுப் போனாரே, அந்தப் படத்துக்குப் பெரிய பரிசு. இப்ப புஸ்தகம் போடறீங்க, அட்டையில அந்தப் படம்தான். படத்துல ஒரே ஒரு ஆளுதான் இருக்காரு, பெஞ்சுல உக்காந்த மாதிரி, முகம் நல்லாத் தெரியுது. அவரு சம்மதிச்சுக் கையெழுத்து போட்டாத்தான் அச்சுக்குப் போகும். சரியா? போடலன்னா?

ஓ. கம்ப்யூட்டர்ல அழிச்சிடுவீங்க. எவ்வளவு நேரம் ஆகும் அதுக்கு? பத்து நிமிஷமா! பரவாயில்லையே. நாங்க இங்க ஒரு மைக் கறையை எடுக்க அரை நாள் முட்டி போட்டுத் தேய்க்கிறோம்.

வாசல்ல செக்யூரிட்டிதானே என்னைப் பாக்கச் சொன்னாரு? அவருக்கும் தெரியும் அது யாருன்னு. வாய் வந்திருக்காது, என் தலையில கட்டிட்டாரு. பரவாயில்ல, சரியான ஆளத்தான் காட்டியிருக்காரு. இருபத்தாறு வருஷமா இந்த ஹாலைத் துடைக்கிறேன் நான். இப்ப கம்பு பிடிக்கிறதில்ல, சூப்பர்வைசர். என்ன வித்தியாசம்னா, முன்ன இடுப்பு வலிக்கும், இப்ப தொண்ட வலிக்கும்.

படம் கொண்டாந்திருக்கீங்களா? இருங்க இருங்க, உடனே தெறக்காதீங்க. கண்ணாடியை எங்க வச்சேன்னு தெரியல. அதுக்குள்ள உங்க ஆளு பண்ண கூத்தைச் சொல்றேன், கேளுங்க. உங்களுக்கு அவரு முதலாளியா? மாமாவா! அப்ப வீட்லயும் அப்படித்தானா? சாப்பாட்டுத் தட்டைக்கூட நேராக்கிட்டுத்தான் கை வைப்பாரா? நெனச்சேன்.

இங்க அவருக்கு நடுக்கோட்டுக்காரருன்னு பேரு. எங்க பொண்ணுங்க வச்ச பேரு. மொத நாளு வந்தவரு யாருகிட்டயும் பேசல, நேரா ஹாலு நடுவுல போய்க் குப்புறப் படுத்துட்டாரு. மயக்கம் போட்டு விழுந்துட்டாருன்னு ஒருத்தி தண்ணி எடுத்துட்டு ஓடினா. கன்னத்தைத் தரையில வச்சு, ஒரு கண்ண மூடி, எந்தக் கல்லு நடுக்கல்லுன்னு பாக்கறாராம். கண்டுபிடிச்சு சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டாரு. எங்க பொண்ணு தொடச்சிட்டா. மறுபடி போட்டாரு. இன்னொருத்தி வந்து தொடச்சிட்டா. தரையில கோடு இருந்தா தொடைக்கணும்னுதானே நான் சொல்லிக் குடுத்திருக்கேன்? மூணாவது தடவ என்கிட்ட வந்து நின்னாரு பாருங்க, அழுதுடுவாரு போல இருந்துச்சு.

ஹாலு அப்படித்தான் கட்டியிருக்கு, அதைச் சொல்லணும். இந்தப் பக்கம் பன்னெண்டு கவுண்டரு, அந்தப் பக்கம் பன்னெண்டு. இங்க ஆறு தூணு, அங்க ஆறு. ரெண்டு படிக்கட்டு ரெக்கை மாதிரி. எதிர்ச் சுவத்து நடுவுல வட்டக் கடியாரம், அதுக்கு நேரு கீழ நீளமா ஒரு பெஞ்சு. ஒரு பாதியை வரஞ்சிட்டுக் காகிதத்த மடிச்சா இன்னொரு பாதி ஒட்டிக்கும், அப்படின்னாரு. அவரு சொன்ன விதத்துல எனக்கே கொஞ்சம் பெருமையா இருந்துச்சு. இவ்வளவு நாளா ஒரே வேலையை ரெண்டு தடவ செய்யறோம்னுதான் நெனச்சிட்டு இருந்தேன்.

ஆனா வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டேன். படிக்கட்டு மட்டும் சமம் இல்லீங்க, இடப்பக்கம் இருபத்து மூணு படி, வலப்பக்கம் இருபத்து ரெண்டுன்னேன். இருக்காதுன்னாரு. நான் தினம் தொடைக்கிறேன், என் முட்டிக்குத் தெரியும்னேன். போய் எண்ணினாரு. எறங்கி வந்து இன்னொரு தடவ எண்ணினாரு. அப்புறம் கடைசிப் படியில தலையில கை வச்சு உக்காந்துட்டாரு. தொண்ணூறு வருஷத்துக் கட்டடம், கட்டினவன் பண்ண தப்பு, அதுக்கு நான் டீ வாங்கிக் குடுத்துத் தேத்த வேண்டியதாப் போச்சு.

அப்புறம் அந்தத் தீயணைக்கிற சிலிண்டரு. இடப்பக்கத் தூணுல தொங்குது, வலப்பக்கம் இல்ல. எடுத்துடுங்கன்னாரு. எடுத்தா வேலை போயிடும்னேன். அப்ப அந்தப் பக்கமும் ஒண்ணு மாட்டுங்கன்னாரு. மாடியிலேருந்து ஒண்ணு கழட்டிக் கொண்டாந்து மாட்டினோம். மாடி கிளார்க் எழுத்துல புகார் குடுத்தாரு, சூப்பர்வைசர் மாடியைத் தீக்கு இரையாக்கப் பாக்குறாங்கன்னு. இன்னும் என் ஃபைல்ல இருக்கு அது.

எங்க யூனிஃபார்ம் பாக்குறீங்கல்ல, நல்ல ஆரஞ்சு. அஞ்சு வருஷம் சண்டை போட்டு வாங்கினது, வாசல் கூட்டறப்ப வண்டி இடிக்காம ஆளு தெரியணும்னு. அதைப் பாத்து மூஞ்சியச் சுளிச்சவரு, அப்புறம் தானே சொல்லிக்கிட்டாரு, நல்லவேளை கறுப்பு வெள்ளை, எல்லாம் சாம்பலாப் போயிடும்னு. கலர்ல எடுத்தா கண்ணு மனுஷங்க பின்னாடியே போயிடுமாம், கறுப்பு வெள்ளையிலதான் கட்டடத்து மேல நிக்குமாம்.

அவருக்கு மனுஷங்களே ஆகாதா தம்பி? இல்ல, கேக்குறேன். மேனேஜருகிட்ட போய் ஹாலை அரை மணி நேரம் மூடுங்கன்னு கேட்டாரு. இங்க தண்ணி வரி, வீட்டு வரி, பொறந்த சர்டிபிகேட்டு, செத்த சர்டிபிகேட்டு எல்லாம் ஒரே எடத்துல. ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் பேரு. அரை நிமிஷம் மூடினா என்னைத்தான் உரிச்சுத் தொங்க விடுவாங்கன்னு மேனேஜரு கையெடுத்துக் கும்பிட்டுட்டாரு.

அப்பத்தான் அந்தக் கறுப்புக் கண்ணாடியை எடுத்தாரு. கேமரா மூஞ்சில மாட்டினாரு. அது மாட்டினா வெளிச்சம் சொட்டுச் சொட்டாத்தான் உள்ள போகுமாம், ஒரு படம் விழ நாலு நிமிஷம் ஆகுமாம். அந்த நாலு நிமிஷத்துல நடக்கிறவன், ஓடறவன், க்யூவுல நகர்றவன் எவனும் படத்துல விழ மாட்டான். அசையாம இருக்கறதுதான் விழும். தூணு, கவுண்டரு, பெஞ்சு. நான் நம்பல. அப்ப நாங்கள்லாம் எங்க போவோம்னு கேட்டேன். இருப்பீங்க, ஆனா தெரிய மாட்டீங்கன்னாரு. இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல எங்க வேலையை இவ்வளவு சுருக்கமா யாரும் சொன்னதில்ல.

கண்ணாடி கெடச்சிருச்சு. ஆமா, தலையிலதான் இருந்துச்சு. நீங்க முன்னாடியே பாத்தீங்கல்ல, சொல்லக் கூடாதா?

சரி, தெறங்க.

ம்.

அழகாத்தான் இருக்கு. யாருமே இல்ல பாருங்க. அன்னிக்கு சம்பள மறுநாளு, எள்ளு போட எடமில்ல, நானூறு பேராவது இருந்திருப்பாங்க இதுக்குள்ள. ஒருத்தரக் காணோம். தரை எப்படி மின்னுது! இத எங்க பொண்ணுங்களுக்கு ஒரு பிரதி குடுப்பீங்களா? மாட்டி வைக்கிறோம். இந்தச் சிலிண்டரு ரெண்டும் இருக்கு, மாடிக் கிளார்க்குக்கும் ஒண்ணு அனுப்பணும்.

பெருசு பண்ண முடியுமா? எப்படி, ரெண்டு வெரலாலயா? நீங்களே பண்ணுங்க, நான் எதையாவது அழுத்திட்டா பரிசு போயிடும். கடியாரத்தக் காட்டுங்க. சின்ன முள்ளு பன்னெண்டு கிட்ட. பெரிய முள்ளு விசிறி மாதிரி கலைஞ்சிருக்கு, பாத்தீங்களா? ஏழைக் கொஞ்சம் தாண்டி எட்டு வரைக்கும். பதினொண்ணு முப்பத்தாறுலேருந்து நாப்பது. சரியாத்தான் இருக்கு. ஒம்பதாம் கவுண்டரக் காட்டுங்க. அங்க இருக்கிற அம்மா சீட்லயே இருக்க மாட்டாங்க. கரெக்ட், விழல.

வரேன் தம்பி, அவருகிட்டயும் வரேன். ஓடியா போயிடப் போறாரு?

உங்களுக்கு அவர அழிச்சாத்தான் நல்லதா? இல்ல, சும்மா கேக்குறேன். ஆளு நடுவுல இல்லங்கறீங்க. ஒரு சாண் எடப்பக்கம் தள்ளி உக்காந்திருக்காரு. மாமாவுக்கு அது உறுத்தலா? உறுத்தலும் இருக்கு, ஆனா அவரு இருக்கறதாலதான் ஹாலு எவ்வளவு பெருசுன்னு தெரியுதுன்னும் சொல்றாரா? ரெண்டு மனசா இருக்காரு போல. கையெழுத்து வந்தா இருக்கட்டும், வரலன்னா விட்டுடலாம்னு. நல்ல முடிவு. பாரத்த என் மேல எறக்கியாச்சு.

அவரு ஏன் நடுவுல உக்காரலன்னா, அது தினம் உக்கார்ற எடம். வலப்பக்கம் சாப்பாட்டுப் பையை வப்பாரு. அதுக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஆளு உக்காரணும்ல, அதுக்கு எடம். உங்க மாமா அன்னிக்குக் காலையில போய்ச் சொல்லியிருக்காரு, ஐயா, ஒரு சாண் இப்படி வந்தீங்கன்னா நடு. ஆளு வருதுன்னு சொல்லிட்டாராம். உங்க மாமாவே என்கிட்ட வந்து குறைப்பட்டுக்கிட்டாரு.

பஸ் ஓட்டிட்டு இருந்தாரு அந்த மனுஷன். முப்பத்தோரு வருஷம். ரிட்டயர் ஆனதும் வீட்ல உக்காரத் தெரியல. காலையில பதினொரு மணிக்கு டிபன் கேரியரோட இங்க வந்துடுவாரு. ஒரு மணி வரைக்கும் அந்தப் பெஞ்சுல. சும்மாவும் இருக்க மாட்டாரு. கவுண்டரு தெரியாம முழிக்கிறவங்களுக்கு வழி சொல்லுவாரு, பாதி தப்பாச் சொல்லுவாரு. எங்க பொண்ணுங்களக் கூப்பிட்டு அந்த மூலையில தூசி இருக்கும்மான்னுவாரு. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. அதுக்கு மேல அந்தக் காலு. எடது காலு ஆடிக்கிட்டே இருக்கும், க்ளட்ச் மிதிச்ச காலு. தூக்கத்துலகூட ஆடும். கட்டில் கிரீச்சு கிரீச்சுங்கும். பெஞ்சு ஆடும், பக்கத்துல உக்காந்தவங்க எந்திரிச்சுப் போயிடுவாங்க. உசுர வாங்குற காலு.

ஆமா தம்பி. வீட்டுக்காரருதான்.

இருங்க, ஃபாரத்த எடுக்காதீங்க. முடிக்கல.

அன்னிக்குக் காலையில சண்டை. பெரிய சண்டையெல்லாம் இல்ல. இனிமே ஆபீசுக்கு வராதீங்க, எனக்கு மானம் போகுது, என் சாப்பாட்ட நானே எடுத்துட்டுப் போய்க்கிறேன்னு சொல்லிட்டேன். சொல்லிட்டு, எடுத்துட்டு வர மறந்துட்டேன். அவரு பேப்பர்ல அடுத்த பக்கத்தத் திருப்பினாரு. சரி, பொழைச்சோம்னு வந்துட்டேன். பதினொரு மணிக்குப் பாத்தா கேரியரோட பெஞ்சுல வந்து உக்காந்திருக்காரு. எப்படி எரியும் எனக்கு? திரும்பிக்கூடப் பாக்கல. அந்தப் பக்கம் போனேன், இந்தப் பக்கம் வந்தேன், பாக்கவே இல்ல. அன்னிக்கு உங்க மாமா போட்ட சாக்பீஸ் கோட்ட யாரும் தொடைக்காம நான் காவல் வேற. ஓரக்கண்ணுல ஒரு தடவ தெரிஞ்சுது, சுவத்துல தலைய சாச்சு, கண்ண மூடிட்டு. நல்லா நடிக்கிறாருன்னு நெனச்சேன்.

பதினொண்ணே முக்காலுக்கு உங்க மாமா மூட்டை கட்டிட்டுக் கெளம்பினாரு. அவ்வளவு சந்தோஷம். வாசல் வரைக்கும் போனவரு திரும்பி வந்து என்கிட்ட சொல்றாரு, மேடம், அந்தப் பெஞ்சுல இருக்காரே பெரியவரு, அவரை மாதிரி அசையாம உக்காந்தவர என் சர்வீஸ்ல பாத்ததில்ல, என் நன்றியச் சொல்லிடுங்கன்னு. சொல்றேன்னேன்.

ஒரு மணிக்குப் போனேன், சொல்றதுக்கு.

வேண்டாம், தண்ணியெல்லாம் வேண்டாம். ஒரு வருஷம் ஆச்சு, குடிச்சாச்சு எல்லாத் தண்ணியும். டாக்டரு சொன்னாரு, இதயம், தூக்கத்துல போற மாதிரி போயிருக்காரு, மணி பதினொண்ணரை, பன்னெண்டு இருக்கலாம்னு. இருக்கலாமாம். அந்த அரை மணி நேரத்த வச்சுக்கிட்டு ஒரு வருஷமா நான் எப்படித் தூங்குவேன் தம்பி? உங்க மாமா ஊருக்கு ஃபோன் போட்டுப் படத்தக் கேக்கலாம்னு எத்தன தடவ நம்பரு எடுத்தேன்னு கணக்கே இல்ல. பயமா இருந்துச்சு. நீங்க இன்னிக்கு வாசல்ல வந்து நிக்கிறீங்கன்னு சொன்னப்ப ஸ்டோர் ரூமுல போய்க் கதவச் சாத்திட்டு அஞ்சு நிமிஷம் நின்னேன். அதான் லேட்டு. சாவி தேடினேன்னு சொன்னது பொய்.

இப்ப அவர பெருசு பண்ணுங்க.

முகம் வேண்டாம். முகம் எனக்குத் தெரியும். கீழ. இன்னும் கீழ. கேரியரு. ஆமா, அதுதான், அந்தச் சொட்டைகூடத் தெரியுது. இன்னும் கொஞ்சம் கீழ. எடது காலு.

இன்னும் பெருசா.

செருப்பு வாரு தெரியுது. வாருல தையல் தெரியுது. எண்ணலாம் போல இருக்கு. பாருங்க, நீங்க பாத்துச் சொல்லுங்க, உங்களுது சின்ன வயசுக் கண்ணு. எங்கயாவது கலைஞ்சிருக்கா? கடியார முள்ளு கலைஞ்ச மாதிரி, ஒரு நூலளவாவது? நல்லாப் பாத்துச் சொல்லுங்க, எனக்காகச் சொல்ல வேண்டாம்.

இல்லையா.

அப்ப உங்க மாமா கேமரா மூடியத் தெறக்கறதுக்கு முன்னாடியே இவரு போயிட்டாரு. அந்த நாலு நிமிஷத்துல நான் நின்னு கூப்பிட்டிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. அவ்வளவுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்துச்சு. பதினொரு மணிலேருந்து பதினொண்ணு முப்பத்தாறு வரைக்கும் என்னன்னு கேட்டா, அதுக்குப் படம் இல்ல. அத நான் வச்சுக்கறேன்.

குடுங்க ஃபாரத்த. செத்தவங்களுக்குன்னு தனிக் கட்டம் இருக்கா? இதுவா? வாரிசு கையெழுத்து. உறவு, மனைவி. செத்த சர்டிபிகேட்டு வேணும்னா பதினாலாம் கவுண்டரு, க்யூவுல நிக்க வேண்டாம், நான் சொல்லி வாங்கித் தரேன். அழிக்காதீங்க அவர. நடுவுக்கும் நகத்தாதீங்க, அது கம்ப்யூட்டர்ல முடியும்னு எனக்குத் தெரியும். அங்கயே இருக்கட்டும்.

இன்னொரு ஆளு கையெழுத்தும் வாங்கணுமே தம்பி, வாங்க வேண்டாமா? நானும் இருக்கேன் இந்தப் படத்துல. அந்த நாலு நிமிஷத்துல அவரு முன்னாடி மூணு தடவ போயிருக்கேன், கை எட்டுற தூரம். ஒரு தடவையாவது நின்னிருந்தா விழுந்திருப்பேன்.